பதினேழாம் ‘ஏன்டி’

மார்ச் மாதம் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

இந்தத் தொடரில் நான் திகதி சொல்வதில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ‘மழை ஓயாத அந்த மாதம்’, ‘கொழுந்து குறைந்திருந்த நாட்கள்’ என்றே இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நிமிடம் வரை சொல்ல முடிகிறது. அதற்குக் காரணம் என் ஞாபகசக்தி அன்று. என் மடிக்கணினியில் இருந்த இருநூற்றுப் பதினான்கு ஒலிப்பதிவுகளும் அந்த நேரத்தை ஒட்டித்தான் உண்டாயின என்று அந்தக் கணினியே சாதித்தது.

அவை அப்போது உண்டாகவில்லை. ஆறு மாதங்களாக, விடியற்காலைப் பனியில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நான் சேர்த்தவை. ஆறு மாதத்தையும் ஒரு கட்டளை நான்கு நிமிடத்துக்குள் அடக்கிவிட்டது. அதைத் தட்டியவளும் நான்தான்.

குழாயடிக் கல்

என் ஆய்வேட்டின் பொருள் வசவு. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்த தலைப்பு இதைவிட நீளமானது. அதில் ‘மொழிப் பயன்பாடு’ என்ற தொடர் இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் குழாயடிகளில் பெண்கள் சண்டையிடும்போது எந்தச் சொல்லில் தொடங்குகிறார்கள், எந்த உவமையில் உச்சத்தை அடைகிறார்கள், எந்தச் சொல்லோடு விலகிப் போகிறார்கள் என்பதே நான் அறிய விரும்பியது.

அம்மாவுக்கு இதில் பெருமை இல்லை. “இதுக்காடி யூனிவர்சிட்டி போன? லயத்துலேயே இருந்திருந்தா சும்மாவே படிச்சிருக்கலாமே” என்றார்.

பதிவு செய்வதற்கு எல்லோரிடமும் அனுமதி கேட்டிருந்தேன். அதன் பலன், முதல் வாரம் ஒருவரும் சண்டை போடவில்லை. கைப்பேசியைக் கண்டதும் வானொலிச் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசினார்கள். “தயவுசெஞ்சு ஒங்க கொடத்தக் கொஞ்சம் நகத்திக்கிறீங்களா” என்று ஒருவர் கேட்க, மற்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் குடத்தையே கீழே போட்டார். இரண்டாம் வாரம் தண்ணீர் குறைந்தது. என்னையும் கைப்பேசியையும் மறந்துவிட்டார்கள்.

அவர்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எங்கும் பேர் வரக் கூடாது.

ஆகவே பதிவுகளுக்கு நான் ஆட்களின் பெயரை வைக்கவில்லை. பாட்டுகளுக்குப் பெயர் இல்லாதபோது அவற்றின் முதற்சொல்லைக் கொண்டு அட்டவணை செய்வது நம் பதிப்பாசிரியர்களின் வழக்கம். அதையே பின்பற்றினேன். சண்டையின் முதற்சொல் எதுவோ அதுவே கோப்பின் பெயர். ஒரே சொல்லில் பல சண்டைகள் தொடங்கினால், பழைய தொகைகளை அடியளவால் வரிசைப்படுத்தியதைப் போல, குறுகியது முதல் நெடியது வரை எண் இட்டேன். இந்த ஏற்பாட்டை நினைத்து எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மேல் லயத்துப் பெண்களில் பெரும்பாலோர் ‘ஏன்டி’ என்றே தொடங்குவார்கள் என்பதை நான் முன்கூட்டி எண்ணியிருக்க வேண்டும். மேல் குழாய்க்கு ஒரு கோப்புறை, கீழ்க் குழாய்க்கு ஒன்று, மலையிலிருந்து நீர் விழும் பீலிக்கு ஒன்று என மூன்று கோப்புறைகள். மேல் குழாயில் மட்டும் முப்பத்தொரு ‘ஏன்டி’.

எந்தப் பதிவு எந்த நாளுடையது என்பதை நான் கோப்பின் பெயரில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன். கோப்பின் அருகிலேயே கணினி திகதியும் நேரமும் காட்டுகிறதே. என் குறிப்புக் கொப்பியில் அதே திகதியும் நேரமும், சண்டையிட்டவர்களின் முதலெழுத்துகளும், யார் எத்தனை குடம் கொண்டுவந்தார் என்பதும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆள் தெரியும். கொப்பி என் பெட்டியில் இருக்கும்வரை வேறு யாருக்கும் தெரியாது. கொடுத்த வாக்கும் நிற்கும், ஆய்வும் நடக்கும்.

பேசாத கட்டளை

அந்தச் செவ்வாய்க்கிழமை கைப்பேசியின் நினைவக அட்டை நிறைந்து வழிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாப் பதிவுகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் துறையில் ஒப்படைக்க வேண்டும். முதலில் எல்லோரையும் போல மடிக்கணினிக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தேன். ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்று திரை சொன்னது. இருபத்தைந்து நிமிடம் கழித்தும் அதையே சொன்னது. பிறகு அதையும் சொல்லாமல் உறைந்துபோனது.

என் கணினியைப் பழுது பார்த்துத் தந்தவர் எங்கள் பீடத்துக் கணினிக் கூடத்தில் பணிபுரியும் துஷ்யந்தன் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். பழைய மென்பொருளை முழுவதுமாக எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, கறுப்புத் திரையில் கட்டளை தட்டவும் கற்றுக் கொடுத்திருந்தார். பெரிய கோப்புறைகளுக்கு அதுவே நல்லது என்பது அவர் கட்சி.

‘சீ-பீ’ என்பது அந்தக் கட்டளை. ஆங்கிலத்தில் கொப்பி என்ற சொல்லின் உயிரை எடுத்துவிட்டு மெய்யை மட்டும் வைத்தது. அதனுடன் ஒரு சிறு கோடும் ‘ஆர்’ என்ற எழுத்தும் சேர்த்தால் கோப்புறைக்குள் கோப்புறையாக நுழைந்து அனைத்தையும் படியெடுக்கும். தட்டினேன். அது ஒன்றும் சொல்லவில்லை. வேலை சரியாக நடந்தால் பேசுவதில்லை என்பது அதன் கொள்கை. நானும் அதிகம் பேசுகிறவள் அல்லள். ஆயினும் கேட்டால் பதில் சொல்லும் அளவுக்காவது மரியாதை தெரிந்தவள்.

நான் அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எண்ணிப் பார்த்தேன்: அங்கே இருநூற்றுப் பதினான்கு, இங்கே இருநூற்றுப் பதினான்கு. கொழுந்து நிறுப்பவரைப் போல மொத்த அளவையும் ஒப்பிட்டேன்: இம்மியும் பிசகவில்லை. அதன் பிறகே கைப்பேசியின் அட்டையைத் துடைத்துச் சுத்தம் செய்தேன்.

ஒரு சாய்கோடு

அடுத்தது மடிக்கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு. இதற்கு ‘ஆர்-சிங்க்’ என்ற இன்னொரு கட்டளையைத் துஷ்யந்தன் அண்ணா துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்திருந்தார். இடையில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் சமர்த்து அதற்கு உண்டாம்.

அதுவும் பேசாமல் முடித்தது. போய்ப் பார்த்தால் மூன்று கோப்புறைகளையும் காணவில்லை. மேல் குழாய், கீழ்க் குழாய், பீலி ஆகிய மூன்றின் சண்டைகளும் ஒரே குடத்தில் கொட்டப்பட்டிருந்தன. மூன்று இடத்திலும் ‘ஏன்டி 1’ இருந்ததால் ஒன்று மட்டும் நின்றது. மற்றவற்றைக் கட்டளை தானாகவே விலக்கிவிட்டிருந்தது. இருநூற்றுப் பதினான்கு, நூற்றுமுப்பத்தொன்றாகச் சுருங்கியிருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டேனா என்று துஷ்யந்தன் அண்ணா கேட்டார். போட்டேன், பார்ப்பதற்கு நிறைவாக இருந்தது என்றேன்.

“சாய்கோடு போட்டா உள்ளுக்க இருக்கிறது மட்டும் போகும். போடாட்டி கோப்புறையோட போகும். ஒரு கோடுதான் தங்கச்சி, ஆனா விசயம் வேற” என்றார்.

கைமாறு என்றால் ஒன்று, கைம்மாறு என்றால் வேறொன்று. ஒரு மெய்யெழுத்து கூடினால் பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போவதும் நன்றிக்கடனாகிவிடும். இந்த வேறுபாட்டை எனக்கு ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். விதியும் உதாரணமும் தந்து, பிழை விட்டால் நூறு முறை எழுதவும் வைத்தார்கள். இந்தச் சாய்கோட்டுக்கு அப்படி ஓர் ஆசிரியர் இல்லை. நூறு பக்கக் கையேடு இருக்கிறது. அதில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வெவ்வேறு பொருள்.

டிஸ்க்கை வெறுமையாக்கி, சாய்கோட்டை நீக்கி, மீண்டும் ஓட்டினேன். மூன்று கோப்புறைகளும் வந்தன. இருநூற்றுப் பதினான்கும் வந்தன. பகல் பன்னிரண்டு ஆகியிருந்தது. வேலை முடிந்தது என்று தேநீர் ஊற்றிக்கொண்டேன்.

கண்ணவிந்தவள்

அப்போதுதான் புஷ்பராணி அக்கா வந்தார். இது அவருடைய உண்மைப் பெயர் அன்று. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். “பேரப்புள்ளயே பொறந்திருச்சு, இனிமே என்னத்த எழுதுனா என்ன” என்று இப்போது சொல்கிறார். அன்று அப்படிச் சொல்லவில்லை.

புஷ்பராணி அக்காவும் அடுத்த காம்பரா வீட்டில் வாழும் லெச்சுமி அக்காவும் மேல் குழாயின் நிரந்தர எதிரிகள். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அவர்கள் இருவரின் தயவில் நின்றது. அப்படிப்பட்ட இரு வீடுகளுக்கிடையே சம்பந்தம் முடிவாகியிருந்தது. புஷ்பராணி அக்காவின் மகளை லெச்சுமி அக்காவின் மகனுக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களாகவே முடிவு செய்துவிட்ட விஷயம். தாய்மார் அதற்குத் தலையசைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பரிசம்.

உள்ளே வந்து கதவையும் சாத்திவிட்டு, பதிவுகள் எல்லாம் இன்னும் இருக்கின்றனவா என்று அக்கா கேட்டார். இருக்கின்றன, நாளைக்குத் துறைக்குப் போகின்றன என்றேன்.

“தீவாளிக்கு முந்தின செவ்வாக்கெழம ஒண்ணு புடிச்சியே பாப்பா. அத அழிச்சிரு.”

அன்று பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலை வரிசைக்கு, நேரமாகிவிட்டதால் லெச்சுமி அக்கா பாதிச் சண்டையிலேயே வேலைக்கு ஓடிவிட்டாராம். அவர் போன பின்பு, ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துப் புஷ்பராணி அக்கா ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். இருநூறு சண்டைகளில் அது எனக்கு நினைவில்லை; என்ன வார்த்தை என்று கேட்டேன். சற்றுத் தயங்கியே சொன்னார்.

“அந்த வீட்டுக்கு எவ பொண்ணு குடுப்பா? குடுக்கிறவ கண்ணு அவிஞ்சவளாத்தான் இருப்பான்னு சொன்னேன். இப்ப பாரு, நான்தான் அந்தக் கண்ணு அவிஞ்சவ.”

அவரும் சிரித்தார், ஆனால் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். லெச்சுமி அக்காவின் மகள் கவிதா எங்கள் துறையில் முதலாம் ஆண்டு. பதிவுகளைக் கேட்டு எழுதும் பயிற்சி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கே கொடுக்கப்படும். மாப்பிள்ளையின் தங்கை காதில் அந்த வாக்கியம் விழுந்தால், மருமகளாகப் போகிறவளின் பாடு என்ன ஆகும் என்பதை நான் ஆராயத் தேவையில்லை.

ஒரு நிமிட வேலை என்று அக்காவுக்குச் சொன்னேன். கொப்பியில் திகதி இருக்கிறது. கணினியில் அதே திகதியைத் தேடி அழித்துவிட்டால் போதும். எந்தச் சொல்லில் தொடங்கிய சண்டை என்று மட்டும் கேட்டேன். “நான் எப்பவும் ஏன்டின்னுதானே தொடங்குவேன்” என்றார், என் அறியாமையை வியப்பவர் போல.

கொப்பியும் கொப்பியும்

மேல் குழாய்க் கோப்புறையைத் திறந்தேன். ‘ஏன்டி 1’: மார்ச் பதினெட்டு, பத்து நாற்பத்திரண்டு. ‘ஏன்டி 2’: மார்ச் பதினெட்டு, பத்து நாற்பத்திரண்டு. முப்பத்தொன்று வரை போனேன். கடைசிச் சிலவற்றுக்கு மட்டும் நாற்பத்து மூன்று.

மீண்டும் தொலைபேசி.

“நீர் ‘பீ’ போடேல்லையோ?” என்றார் துஷ்யந்தன் அண்ணா.

எந்தப் பீ என்று கேட்டேன். ‘சீ-பீ’யில் ஏற்கெனவே ஒரு பீ இருக்கிறதே. அது வேறு பீயாம். அந்த ‘ஆர்’க்குப் பக்கத்தில் ஒரு ‘பீ’யும் போட்டால்தான் மூலத்தின் திகதியைப் படியிலும் காப்பாற்றும். போடாவிட்டால் படியெடுத்த நேரமே அதன் பிறந்த நேரம். நீங்கள் இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம். கட்டளைக்கும் அதை எழுதிக் கொடுத்தவருக்கும் குணம் ஒன்றாகவே இருந்தது.

கைப்பேசியில் துடைத்ததை மீட்க முடியுமா என்றேன். மீட்கலாம், ஆனால் பெயரும் திகதியும் இல்லாமல் வரலாம், அதற்கும் ஒரு நாள் வேண்டும் என்றார். ஒலிக்குள்ளேயே நேரத்தை எழுதிவைக்கும் கைப்பேசிகளும் உண்டாம். என்னுடையது அந்த வகை அன்று.

‘எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. ஏடெழுதியவர்கள் எழுத்தை மாற்றினார்கள், வரியை விழுங்கினார்கள், நினைத்ததைச் சேர்த்தார்கள். இந்தக் கட்டளை ஓரெழுத்தையும் மாற்றவில்லை. ஒலி முழுவதும் அப்படியே இருக்கிறது. எப்போது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இப்படிக் கெடுப்பதற்கு எந்தப் பழமொழியும் நம்மிடம் இல்லை.

இந்த நாட்டில் எழுதும் நோட்டும் கொப்பிதான், எடுக்கும் படியும் கொப்பிதான். அன்று என் முன்னால் இரண்டும் இருந்தன. ஒரு கொப்பியில் திகதி இருந்தது, குரல் இல்லை. மறு கொப்பியில் குரல் இருந்தது, திகதி இல்லை. புஷ்பராணி அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப இந்த மெசினுக்குத் தீவாளி எப்பன்னு தெரியாதா?” என்றார். தெரியாதுங்க அக்கா என்றேன்.

மீன்கார ஹோர்ன்

முப்பத்தொன்றையும் முழுதாகக் கேட்டால் பதினோரு மணி நேரம். இருவருடைய எல்லாப் பதிவுகளையும் அழித்தால் நான்காம் இயல் இல்லை. அது இல்லாமல் பட்டமும் இல்லை. காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதலாம் ‘ஏன்டி’யிலிருந்து தொடங்கினேன்.

நான்காவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. நான் சண்டையையே கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டைக்குப் பின்னால் தோட்டம் திகதி சொல்லிக்கொண்டிருந்தது. பாண் ரொட்டி விற்கும் வண்டியின் மெட்டு கேட்டால் அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டால் செவ்வாய் அல்லது சனி. வேறு நாளில் அவர் மேல் பிரிவுக்கு ஏறுவதில்லை. கோயில் ஒலிபெருக்கி விடியலிலேயே பாடினால் மார்கழி. கணினிக்குத் தெரியாத தீபாவளியும் அங்கே இருக்க வேண்டும்: பட்டாசு.

அதன் பிறகு ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நிமிடத்தில் ஹோர்னையும் வெடியையும் மட்டும் தேடினேன். மூன்றரைக்கு மின்சாரம் போயிற்று. மடிக்கணினியில் ஒரு மணி நேரத்துக்கு மின்கலம் இருந்தது. ஹோர்னும் பட்டாசும் சேர்ந்து கேட்டவை இரண்டு. பதினோராம் ‘ஏன்டி’யில் எதிர்த்துப் பேசியது வேறொரு பெண். மிஞ்சியது பதினேழு.

அதை முழுவதும் கேட்டேன். மீன்காரரின் ஹோர்ன். எங்கோ ஒரு சீனவெடி. லெச்சுமி அக்காவின் பதிலடி. பெரட்டு நேரம் தப்பியதே என்ற அலறல். ஓடும் செருப்பின் சத்தம். பிறகு கண்ணவிந்தவளைப் பற்றிய அந்த வாக்கியம், சொன்னபடியே, தெளிவாக.

அதற்குப் பின்னும் பதிவு ஓடியது. ஒரு குடம் நிறையும் ஓசை. நீரின் தொனி மேலே மேலே ஏறி, வழிந்து, நின்றது. மீண்டும் அடியிலிருந்து ஒரு குடம் நிறையத் தொடங்கியது. கொப்பியைப் பார்த்தேன். ‘பு. - ஒரு குடம். லெ. - ஒரு குடம், குழாயடியிலேயே விட்டுப் போனார்.’

வாக்கியத்தை மட்டும் வெட்டிவிட்டு இரண்டாவது குடத்தை வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. நான்காம் இயலில் நான் எழுதியிருந்த எதையும்விட அது நல்ல சான்று. ஆனால் அக்கா சொன்னது ‘அழிச்சிரு’ என்பது. அழித்தேன். அந்தக் கட்டளையும் பேசாமல்தான் வேலை செய்தது. மின்சாரம் வந்ததும் ‘ஆர்-சிங்க்’கை இன்னொரு முறை ஓட்டி, டிஸ்க்கையும் கணினியோடு ஒன்றாக்கினேன். சாய்கோடு போடவில்லை. குழாயடிக்குப் போய், அழித்துவிட்டேன் என்று புஷ்பராணி அக்காவிடம் சொன்னேன். அவர் என் குடத்தை வாங்கி வரிசையில் முதலாவதாக வைத்தார்.

மறுநாள்

முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு இறங்கி, ரயில் பிடித்து, ஒன்பதரைக்குத் துறையை அடைந்தேன். டிஸ்க்குகளை வாங்கிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பை அன்று கவிதாவிடம் விட்டிருந்தார்கள்.

“அக்கா, எங்கம்மா சத்தமும் இதுல இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “யாரு ஜெயிச்சா?”

நீயே கேட்டு எழுதுவாயே என்று சொல்லிக்கொண்டு, டிஸ்க்கைத் துறையின் கணினியில் பொருத்தி, வழக்கம்போல எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று இருக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு இருந்தது.

மேல் குழாயைத் திறந்தேன். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், பத்து நாற்பத்திரண்டுக்குப் பிறந்த பதினேழாம் ‘ஏன்டி’ அமைதியாக உட்கார்ந்திருந்தது. மூலத்தில் அழித்ததை ‘ஆர்-சிங்க்’ படியில் அழிக்காது. அழி என்று தனியாக ஒரு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் பின்னர் கையேட்டில் படித்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, முந்திய மாலை நான் ஒரு பெண்ணிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது மட்டுமே.

கவிதா பேனாவைத் திறந்தபடி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். கட்டளை எதையும் நம்பாமல், விரலாலேயே அதைத் தேர்ந்து, அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்தேன். மீண்டும் எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று.

“பதினேழு எங்கக்கா? பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு வருதே.”

பழைய தொகைகளைப் பதிப்பித்தவர்கள் சில எண்களுக்கு நேரே ‘இப்பாட்டு கிடைக்கவில்லை’ என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். எப்படிக் காணாமல் போனது, யார் கையில் போனது என்று ஒரு குறிப்பும் இராது. படிக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. செல்லரித்தது, ஆற்றோடு போனது என்று ஆசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். எந்த வீட்டிலோ பரிசத்துக்கு நாள் குறித்திருப்பார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

கவிதாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, பதிவேட்டில் பதினேழுக்கு நேரே எழுதினேன்: கிடைக்கவில்லை.